அக்டோபருக்குப் பிப்ரவரியில் கட்டிய பேனர்

பிப்ரவரி 2, ஞாயிறு

பிரஷர் 150/100. மாத்திரை சாப்பிட்டேன்.

டாக்டர் கேட்டது இந்த ஒரு வரிதான். "தினமும் வீட்டுல மெஷின் வெச்சுப் பாத்து எழுதுங்க, மாசம் ஒருக்கா கொண்டு வாங்க" என்றார். கம்பிக் கடைக்காரர் பொங்கலுக்கு இனாமாகக் கொடுத்த டைரி இது. பக்கம் முழுக்க வெள்ளையாகக் கிடக்க, மேலே ரெண்டு நம்பர் மட்டும் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. என் தொழில் அப்படி. வெள்ளை இடத்தைக் கண்டால் எழுத்தையும் பூவையும் போட்டு நிரப்பாமல் விடமாட்டேன். தூத்துக்குடிப் பக்கம் முத்தையாபுரம் மெயின் ரோட்டில் 'சுயம்பு டிஜிட்டல் பிளெக்ஸ்' என்னுடையது. காதுகுத்து, கல்யாணம், கருமாதி எதுவானாலும் நாங்கள் அடித்த பேனர் நின்றால்தான் அது நடந்ததாக ஊர் ஒத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் படம் செய்வது என்னிடம் வேலை பார்க்கிற ஜூடு மச்சாது. எழுத்துப்பிழை பார்ப்பது நான். நான் பத்தாவது வரைதான் படித்தேன் என்பதை எந்தப் பேனரைப் பார்த்தும் கண்டுபிடித்துவிடலாம்.

இன்று என் மகள் சுடர்க்கொடிக்கு ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெட்டுப்போகிறது என்று பெங்களூரில் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்து முடித்துவிட்டு, போன மாதம்தான் வீட்டுக்கு வந்தாள். ஜெர்மனியில் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அக்டோபரில் சேர வேண்டும்.

மத்தியானமே ஜூடைக் கூப்பிட்டேன்.

"அக்டோபர்ல போற பிள்ளைக்கு இப்பவேயா அண்ணாச்சி?"

"பஜ்ஜியை ஆற வெச்சாடே திங்க?"

இருபதுக்குப் பத்து அடி. 'ஜெர்மனி அழைக்கிறது! உப்பு மண்ணில் விளைந்த வைரமே, சென்று வா, வென்று வா!' நீலச் சுடிதாரில் சுடர் சிரிக்கிறாள். தலைக்கு மேல் விமானம், பின்னால் ஒரு கோபுரம். சாயங்காலம் பஜார் முக்கில் கட்டியாயிற்று.

சுடர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தக் கோபுரம் பிரான்ஸில் இருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு, "அப்பா, அதை இறக்கிருங்க" என்றாள். அடக்கமான பிள்ளை.

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் இறக்கச் சொன்னாள். கயிறைக் கெட்டியாகக் கட்டிவிட்டார்கள். பார்ப்போம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரஷர் 160/100. காரணம் கீழே.

மதியம் மீன் குழம்பு. சுடர் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள், "நான் ஜெர்மனிக்குப் போகப்போறதில்லப்பா. நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேரப்போறேன்."

நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டுக்கு வெளியே ஊற்றினேன்.

என் வீட்டுக்காரி லிங்ககனிதான் முதலில் பேசினாள். "ஏட்டி, ஒனக்கு இருபத்தெட்டு. படிச்சு முடிக்கையில முப்பத்தி நாலு. மத்த பிள்ளைங்க தன் பிள்ளைக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போற வயசுல நீ ஊசி போடப் படிக்கப் போறியா?"

"ஆமாம்மா."

"இவ்வளவு நாள் படிச்சதெல்லாம்?"

"அது வீணாகாதும்மா."

"ஆகாது, ஆகாது. ஒங்கப்பா பேனர் மாதிரி. விசேஷம் முடிஞ்சா கோழிக்கூண்டுக்குக் கூரை."

நான் நடுவில் புகுந்து, நீட்டில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். ஜெர்மனிக்காரர்கள் ஆகஸ்ட் வரை பதிலுக்குக் காத்திருப்பார்களாம். நீட்டும் கிடைக்காமல், ஜெர்மனியும் கைவிட்டால்? "ஒண்ணும் இருக்காதுப்பா" என்றாள், ஏதோ கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வது போல.

ஏன் என்று கேட்டேன். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் சொல்லுதேன்."

பிப்ரவரி 14, வெள்ளி

முத்தாரம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். என்ன வேண்டுதல் என்று லிங்ககனி கேட்டாள். எது நல்லதோ அது நடக்கட்டும் என்று பொதுவாக வேண்டினேன் என்றேன். "பொதுவான வேண்டுதலுக்கு ஏன் மூணு தேங்காய்?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவன் இந்தத் தெருவில் கிடையாது.

பிப்ரவரி 26, புதன்

சுடர் அடுத்த வீட்டுப் பெண்ணின் பிளஸ் டூ புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு படிக்கிறாள். அந்தப் பெண்ணும் நீட் எழுதுகிறது. சந்தேகம் கேட்க வருகிறது. "அக்கா, இது எப்படிக்கா?" என்று கேட்டால் இவள் சொல்லிக்கொடுக்கிறாள். பிசிக்ஸ் கணக்கில் கப்பி, கயிறு, உருளும் பந்து என்று வந்தால் இவள் கேட்கிறாள், அது சொல்லிக்கொடுக்கிறது. டாக்டராவதற்குப் பந்து உருள்வது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஜூடு சொன்னான், "ஆபரேஷன்ல மாத்திரை உருண்டு போச்சுன்னா புடிக்கணும்லா அண்ணாச்சி."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இன்று கண்ணீர் அஞ்சலி பேனரில் பலூன் வைத்துவிட்டான். போன வார பர்த்டே டிசைனை அப்படியே எடுத்திருக்கிறான். செத்தவருடைய மகன் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குப் பலூன் பிடிக்கும், இருக்கட்டும்" என்றார். சில பேர் தெய்வம்.

பிரஷர் பார்க்கவில்லை. மெஷினைக் காணோம்.

மார்ச் 6, வியாழன்

மெஷின் இன்னும் அகப்படவில்லை. லிங்ககனி அரிசிப் பானைக்குள்கூடத் தேடிவிட்டாள்.

இன்னொன்று. சுடர் வாரத்தில் ரெண்டு நாள் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டு வெயில் ஏறியபின் வருகிறாள். கேட்டால் "நடந்துட்டு வந்தேன்" என்கிறாள். சைக்கிளில் போய் நடந்துவிட்டு வருகிற பிள்ளை.

லிங்ககனி ஒரே வார்த்தையில் முடித்தாள். "பையன்."

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பையன் என்றால் பேசிப் பார்க்கலாம். நீட்டோடு பேச முடியாது.

மார்ச் 8, சனி

என் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் சுடருக்குப் பின்னால் போனேன். துப்பறிகிற ஆள் எக்ஸெல்லில் போகக் கூடாது என்று இன்று தெரிந்துகொண்டேன். அந்தச் சத்தத்துக்குக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. சுடர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் திருப்பத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

உப்பளத்துக்குப் போனாள். கண் கூசுகிற வெள்ளை. பாத்தி பாத்தியாக, ஒரு மரம், ஒரு செடி இல்லாமல், வானம் தொடுகிற இடம் வரை தட்டை. வரப்பில் ஒரு சாக்கை விரித்து, அதில் என் பிரஷர் மெஷினை வைத்துக்கொண்டு சுடர் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். ஒவ்வொருத்தரிடமும் நம்பரைச் சொல்லி, அது என்ன அர்த்தம் என்றும் சொன்னாள். கூடுதல் என்றால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று அவர்களையே திருப்பிச் சொல்ல வைத்தாள்.

"தண்ணி குடிச்சியளாக்கா?"

"குடிச்சா எங்க போயி ஒதுங்க? ஒங்கப்பா வண்டிக்குப் பின்னாலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தேன். ஒதுங்க உண்மையிலேயே ஒரு இடமும் இல்லை. காலையில் வந்தால் மதியம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வரை அடக்க வேண்டும். அதனால் குடிப்பதில்லை.

சொன்ன பெண்ணின் பெயர் முத்துக்கிளி. நாற்பத்தைந்து இருக்கும். "நீங்கதான் பேனர்க்காரரா? பஜார்ல பாப்பா படத்தைப் பெருசா போட்டு என்னமோ எழுதிருக்கியளாமே" என்றார். ஜெர்மனி விஷயம் என்று சொல்ல வாயெடுத்தேன். சுடர் என்னைப் பார்த்தாள். "சும்மாதான்" என்றேன்.

முத்துக்கிளியே பேசினார். "எங்க வீட்டுக்காரர் செல்லத்துரையும் ரெண்டு வருசம் பாப்பாட்ட ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுத்தாரு. மூணாம் வருசம் பாப்பா டப்பாவைத் தூக்கிட்டு வருது, அவரு இல்ல. கார்த்திகையில போயிட்டாரு. அவரு இல்ல பாப்பா, எங் கையில எடுத்துக்கோன்னு நீட்டுனேன். எடுக்காம அழுவுது. நாங் கேட்டது ஒண்ணுதான் அண்ணாச்சி. வருசா வருசம் ரத்தத்தை எடுத்துட்டுப் போறிய, அதுல என்ன இருக்குன்னு ஒருத்தரும் வந்து சொல்லலியேன்னேன். சண்டைக்குக் கேக்கல. தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

திரும்பி வரும்போது சைக்கிளை உப்பளக் காவல்காரரிடம் விட்டுவிட்டுச் சுடர் என் வண்டியில் ஏறினாள். முகம் பார்க்காமல் பேசுவதற்கு எக்ஸெல் போல ஒன்று கிடையாது.

"அவருக்கு ரத்தத்துல நம்பர் ஏறிக்கிட்டே போனதைப் பாத்தேம்ப்பா. பட்டியலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விதிப்படி அதோட எங்க வேலை முடிஞ்சுது. தனி ஆளுகிட்டப் போயிச் சொல்லுறது ஆராய்ச்சி இல்ல. அந்தப் பட்டியல் எந்த மேசையில கிடந்துதோ."

"நீ ஒண்ணும் தப்பா செய்யலியேம்மா."

"இல்ல. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். என் கட்டுரையில ஒரு படம் இருக்கு. ஒரு கோடு மேல ஏறும். அதுல உச்சியில உள்ள புள்ளி செல்லத்துரை அண்ணன். அந்தப் படத்தைப் பாத்துத்தான் ஜெர்மனில கூப்பிடுதாங்க."

"டாக்டரானா மட்டும்?"

"டாக்டர்னா ஆளுக்கு எதிர்ல உக்காந்து சொல்லியே ஆகணும்லாப்பா."

எதிர்க்காற்று. உப்புக்காற்று கண்ணில் பட்டால் எரியும். வண்டியை ஒரு தடவை நிறுத்தித் துடைத்துக்கொண்டேன்.

லிங்ககனியிடம் "பையன் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

பிரஷர்: மெஷின் உப்பளத்தில்.

மார்ச் 10, திங்கள்

சுடர் இன்று பேனரைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. கயிறு கெட்டியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. கரண்டு பில் கட்டினேன். பங்குனி, சித்திரை கல்யாணங்களில் மூச்சுவிட நேரமில்லை. சுடர் சாப்பிடும்போதும் புத்தகம். மெலிந்துவிட்டாள். லிங்ககனி திட்டிக்கொண்டே முட்டை அவித்துக் கொடுக்கிறாள். திட்டு குறையவில்லை, முட்டை ரெண்டாகிவிட்டது.

மே 4, ஞாயிறு

நீட். தூத்துக்குடியிலேயே சென்டர். வாசலில் கயிறு கட்டி, பிள்ளைகளை உள்ளேயும் பெற்றவர்களை வெளியேயும் பிரித்தார்கள். சுடர் கயிற்றைத் தாண்டப் போனாள். காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"பேரண்ட்ஸ்லாம் அந்தப் பக்கம் நில்லுங்கம்மா. பிள்ளையை மட்டும் விடுங்க."

ஹால் டிக்கெட்டை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். "ஸாரி மேடம்" என்று சல்யூட் மாதிரி ஒன்று வைத்தார். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சுடரும் சிரித்தாள். எனக்கு அந்தக் கயிற்றைப் பிடித்து அறுக்க வேண்டும் போல இருந்தது.

கம்மல் போடக் கூடாதாம். கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் நின்ற அம்மா கேட்டார், "யாரை விட வந்திருக்கிய?"

"மகளை."

"அப்ப இப்ப உள்ள போனது?"

"அதான் மக."

அந்த அம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

சாயங்காலம் வெளியே வந்து "கம்மலைத் தாங்கப்பா" என்றபோதுதான் கையை விரித்தேன். உள்ளங்கையில் ரெண்டு பள்ளம். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "பந்துதான் உருண்டு போயிட்டு" என்றாள்.

ஜூன் 14, சனி

ரிசல்ட். மார்க் நல்ல மார்க்தான் என்கிறார்கள். கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது, கிடைக்காது என்றும் சொல்ல முடியாதாம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இவளைவிடக் கூட. அந்த வீட்டிலிருந்து லட்டு வந்தது. சுடர் ரெண்டு சாப்பிட்டாள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, "பந்து சொல்லிக் குடுத்த டீச்சர்" என்றாள்.

இன்னொரு தடவை கோயிலுக்குப் போனேன். ஒரு தேங்காய்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முதல் சுற்று முடிந்தது. சுடருக்கு அரசுக் கல்லூரியில் இடம் இல்லை. தனியார் கல்லூரி பற்றி அவள் பேசவே இல்லை, நானும் பேசவில்லை, எங்கள் எல்லாருக்கும் கணக்குத் தெரியும்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. லிங்ககனி பூரி போட்டாள். ஆறு சாப்பிட்டேன். நாளாகிவிட்டது இப்படிப் பசித்து. கடைக்குப் போய் ஜூடிடம், பஜார் பேனரில் ஒரு ஓரம் நைந்திருக்கிறது, ஒட்டுப் போட வேண்டும் என்று சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடே?" என்றேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க சீட்டியடிக்கிய" என்றான்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜெர்மனிக்காரர்கள் கடைசியாக எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆமாம் அல்லது இல்லை. இங்கே ரெண்டாம் சுற்று அடுத்த மாதம்தான். இவளுக்கு மேலே இருப்பவர்களில் சில பேர் வேறு எங்காவது போனால் இடம் வரும். போகாவிட்டால் வராது. அவ்வளவுதான் தெரியும்.

லிங்ககனி கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "இருக்கிறதைப் புடிச்சுக்கோட்டி. கிடைக்காததுக்காகக் கையில உள்ளதை யாராச்சும் விடுவாளா? அங்க போயி நாலு வருசம் இருந்துட்டு வந்து இவுங்களுக்கு என்ன செய்யணுமோ செய்யி. யாரு வேண்டாம்னா?"

நியாயமான பேச்சு. இதுவரை இந்த வீட்டில் பேசியதிலேயே நியாயமான பேச்சு இதுதான்.

சுடர் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கப்பா. பிப்ரவரியில இருந்து நீங்க ஒண்ணுமே சொல்லல. நீங்க போன்னு சொன்னா போறேன்."

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான்...

நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மெஷினுக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டது, முத்துக்கிளி அக்காவிடம் நாலு பேட்டரி கொடுத்துவிடுங்கள் என்று சுடர் போன வாரமே சொல்லியிருந்தாள். அதைக் கொடுக்கத்தான் உப்பளத்துக்குப் போனேன். வேறு காரணம் இல்லை.

முத்துக்கிளி உப்பு வாரிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாத்தியை விட்டு ஏறி வந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். கால் வீங்கியிருந்தது. விரலால் அமுக்கிக் காட்டினார். பள்ளம் அப்படியே நின்றது.

"பாப்பா எப்ப வரும் அண்ணாச்சி? இதை அதுட்டக் காட்டணும்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலியாம்மா?"

"போனேன். மாத்திரை குடுத்தாவ. கூட்டம். என்னன்னு கேக்கதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்புட்டுட்டாவ." பூட்ஸைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "பாப்பா வெளிநாட்டுக்குப் போகுதாமே? நீங்க பஜார்ல எழுதிப் போட்டிருக்கியளாம்லா. கணக்கப்பிள்ளை வாசிச்சுச் சொன்னாரு. நல்லா இருக்கட்டும். நாங்க கேட்டோம்னு சொல்லுங்க."

குரலில் கோபம் இருந்தால் தப்பித்திருப்பேன். இல்லை. செல்லத்துரை போனபின் இவர் கையை நீட்டியதும் இந்தக் குரலில்தான் இருந்திருக்கும்.

"போகலம்மா" என்றேன். யோசித்துச் சொன்னதாக எழுத ஆசைதான். வாய் சொல்லிவிட்டது, பிறகுதான் என் காதில் விழுந்தது. "அது தப்பா அடிச்ச பேனர். எங்க கடையில அப்படி அடிக்கடி நடக்கும்."

நேராகப் பஜார் முக்கு. ஜூடு ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். ஐம்பத்தாறு வயதில், பிரஷரோடு, மகளுடைய முகத்துக்கு எதிரே நின்றேன். அவ்வளவு பெரிதாக அடித்த படத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கூடாது. வெறும் புள்ளிகளாகத்தான் தெரிகிறது.

கயிறு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

"கெட்டியா கட்டினதுன்னியளே அண்ணாச்சி" என்றான் ஜூடு. ஏணியை மட்டும் பிடி என்றேன்.

சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். லிங்ககனி பார்த்தாள். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள், ஏற்கெனவே தேய்த்ததை. சுடரிடம், "இல்லன்னு எழுதிரும்மா" என்றேன்.

"சீட் கிடைக்கலன்னா?"

"அடுத்த வருசம் எழுது. கயித்துக்கு அந்தப் பக்கம் நான் வந்து நிக்கேன். கம்மலைப் புடிக்க ஆள் வேணும்லா."

அவள் டைப் அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலே வரி. அனுப்பிவிட்டாள்.

முத்துக்கிளி காலைப் பற்றிச் சொன்னேன். நாளைக்கே கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய், என்னவென்று சொல்லும்வரை நகரமாட்டேன் என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. நானும் ஜூடும் குட்டி யானை வண்டியில் சவுக்குக் கம்பு, ரீப்பர் கட்டை, கொடவுனில் கிடந்த பழைய பேனர் எல்லாம் ஏற்றிக்கொண்டு உப்பளம் போனோம். சுடர் சொல்லிச் செய்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை நாலு கம்பு நட்டு பிளெக்ஸ் கட்டுவது. அதை எங்கே கட்டுவது என்பதில்தான் இவ்வளவு நாள் கவனமில்லை.

வரப்பு முடிகிற மேட்டில் பெண்களின் வீட்டு ஆண்கள் குழி வெட்டித் தந்தார்கள். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மறைப்பு, பெண்கள் ஒதுங்க. எழுத்தும் முகமும் வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே. ஒரு பக்கம் காதணி விழா, ஒரு பக்கம் 'பூப்புனித நீராட்டு விழா, அனைவரும் வருக'. ஜூடு அந்த 'வருக'வைக் கதவுக்கு நேரே கட்டினான். அடித்துத் துரத்தி மாற்றிக் கட்டச் சொன்னேன். முன்னால் உட்கார ஒரு பந்தல், தண்ணீர்ப் பானை.

கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். "யாரைக் கேட்டுவே கட்டுதீரு? நாளைக்கு முதலாளி வந்தா ஒரே கிழி."

"கிழிங்க. ஆனா பந்தல் முகப்பைப் பாத்துட்டுக் கிழிங்க."

முகப்பில் முதலாளியின் அறுபதாம் கல்யாணப் பேனர். மாலையும் கழுத்துமாக அவரும் வீட்டம்மாவும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தார். முதலாளியின் முகத்தைக் கிழிக்கிற கணக்கப்பிள்ளை இந்தக் கடற்கரையில் இன்னும் பிறக்கவில்லை. "காத்துல விழாமப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்தலுக்குக் கூரை ஜெர்மனி பேனர். வெயில் எதிரடிக்க வெள்ளையை வானத்துக்குக் காட்டி, படத்தைக் கீழே காட்டிக் கட்டினோம். அடியில் உட்கார்ந்தால் மேலே சுடர் சிரிக்கிறாள். முத்துக்கிளி வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பரிசோதனை எடுத்து, மாத்திரை மாற்றி வாங்கி, சிறுநீரகம் பாதி வேலை செய்கிறது, காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரைச் சொல்ல வைத்துவிட்டாள் சுடர். பாரம் தூக்கக் கூடாதாம். வந்து பானைக்குக் காவல் இருக்கிறார்.

"பாப்பா தலைக்கு மேல என்ன அண்ணாச்சி எழுதிருக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாது."

எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். ஜூடு தொண்டையைச் செருமினான்.

"தண்ணி குடிங்கன்னு எழுதிருக்கும்மா."

"அம்புட்டுப் பெரிசாவா?"

"முக்கியமானதைப் பெரிசாத்தானே போடணும்."

முத்துக்கிளி ஒரு செம்பு எடுத்துக் குடித்தார். பிறகு அடுத்தவரிடம் நீட்டினார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ரெண்டாம் சுற்று நாளை, நாளை என்று தள்ளிப்போகிறது. சுடர் தூங்குவதில்லை. லிங்ககனி கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "பொது" என்றாள். கூடையைப் பார்த்தேன். ஐந்து தேங்காய் மூடி.

செப்டம்பர் 17, புதன்

காலையில் சுடர் தன் நம்பரையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தாள். "வந்தா நீங்களே பாருங்கப்பா. என்னால முடியாது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டாள். அங்கே போன் எடுக்காது.

மதியம் ரெண்டாம் சுற்று ரிசல்ட் வந்தது. ஜூடு கம்ப்யூட்டரில் தட்டினான். சக்கரம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. கட்சிக்காரர் ஒருவர் பிறந்தநாள் பேனருக்கு வந்து நின்றார். "இருங்க" என்றேன். "தலைவருக்கே இருங்கவா?" என்றார். "தலைவருக்கு வருசா வருசம் வருதுல்லா" என்றேன்.

திரை வந்தது. நான் வாசித்தேன். எழுத்துப்பிழை பார்க்கிறவன் என்பதால் ஜூடையும் வாசிக்கச் சொன்னேன்.

வண்டி கிளம்பவில்லை. உதைத்தேன், உதைத்தேன், பிறகு பெட்ரோல் திறக்கவில்லை என்று தெரிந்தது. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகச் செய்து பார்த்தேன். 'உப்பு மண்ணில் விளைந்த' என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. வரப்பில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுடர் என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. 

தூரத்திலிருந்தே கத்தியிருக்கலாம். செய்யவில்லை. போய் அவளுக்கு எதிரே சாக்கில் உட்கார்ந்தேன்.

"ராமநாதபுரம். கவர்மெண்ட் காலேஜ். கிடைச்சிட்டும்மா."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். முத்துக்கிளி அவள் தலையில் கை வைத்தார். யாரோ குலவை போட்டார்கள். மேலே பேனரில் இருந்த சுடர் சிரித்துக்கொண்டே இருந்தாள், பிரான்ஸ் கோபுரத்தோடு.

"பேனர் அடிப்பியளா அண்ணாச்சி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அடிக்க மாட்டாரு" என்று சுடர் கைக்குள்ளிருந்தே சொன்னாள்.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "கையை நீட்டுங்க" என்றாள். எல்லார் முன்னாலுமா என்றேன். முத்துக்கிளி அதட்டினார், "நாங்கல்லாம் நீட்டல? நீட்டும்வே."

நீட்டினேன். பட்டையைச் சுற்றினாள். மெஷின் முனகியது. 

பிரஷர் 170/100. நான் பார்த்து எழுதியது இல்லை. அவள் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்து, நேராக முகத்தைப் பார்த்து, நம்பரைச் சொன்னாள், அது என்ன அர்த்தம் என்றும் சொன்னாள். மாத்திரை உண்மையிலேயே சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் பொய் வரவில்லை. கடைசியாக, உப்பைக் குறைக்க வேண்டும் என்றாள்.

அம்பாரம் அம்பாரமாக உப்பைக் குவித்து வைத்திருக்கிற இடத்தில் உட்கார வைத்து.

திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.